கிணற்றுப் பூதத்திடம் ஒரு கேள்வி

செத்த பூதம் வலது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கை தலையில் இருக்கும்வரை அது அங்கே இல்லை என்று பொருள். எதிரே வருகிற வீரர்கள் அதைப் பார்க்கக் கூடாது, அதனிடம் பேசக் கூடாது. அந்த விளையாட்டில் எல்லோரும் தவறாமல் கடைப்பிடிக்கிற ஒரே விதி அதுதான். செம்பனை மரங்களுக்கு நடுவே, சாக்குத் துணி உடுத்தி, ரப்பர் முகமூடிக்குள் வியர்த்து வழிந்தபடி, தலையில் கையை வைத்துக்கொண்டு நான் திரும்பி நடப்பேன். வெள்ளிக்கிழமை வரை ஏதோ ஓர் அலுவலகத்தில் கணினிமுன் உட்கார்ந்திருந்தவர்கள் நுரைப்பஞ்சு வாளோடு என்னைக் கடந்து ஓடுவார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்ப மாட்டார்.

விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானுக்கு வெளியே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இவர்கள் கூடுகிறார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர்கள் என்று எல்லோரும் உண்டு. காலையிலிருந்து மாலைவரை ஒரு கற்பனை நாட்டில் வாழ்வார்கள். கணினியில் விரலால் ஆடுவதை இங்கே உடம்பால் ஆடுவது. நடுவர் கதை எழுதுவார். வீரர்கள் ஆளுக்கொரு பெயர், ஒரு குலம், பழிவாங்க ஒரு காரணம் என்று வைத்துக்கொள்வார்கள். பூதங்களுக்கு அதெல்லாம் கிடையாது. காலையில் ஓநாயாக இருந்தவர் மதியம் பிணமாக எழுந்து வருவார், மாலையில் கொள்ளைக்காரனாவார். செத்தால் நீலக் கேன்வஸ் கட்டிய கூடாரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்து, வேறு முகமூடி மாட்டிக்கொண்டு மறுபடியும் சாகப் போக வேண்டும்.

நான் அங்கே போனது ஒரு கட்டுரைக்காக. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் வெகுகாலம் இருந்தேன். ஆங்கிலத்தில் வருகிற செய்திகளைத் தமிழாக்கி, பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு வெட்டி, தலைப்புப் போடுவதும், சந்தேகம் வந்தால் ஆட்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதும் என் வேலை. பத்திரிகை ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். பிறகு ஞாயிறு மலருக்கு எப்போதாவது எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் போன அன்று பூதங்களில் ஒருவருக்குக் காய்ச்சல். நடுவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு முகமூடியை நீட்டினார்.

"ஆன்டி, ஜஸ்ட் ஸ்டாண்ட் தேர் அண்ட் டை. கென் ஆ?"

நடுவர் ஒரு சீனப் பெண், முப்பதைக் கடந்தவர், விளம்பர நிறுவனம் ஒன்றில் படம் வரைகிறவர். முடியும் என்றேன். நின்றேன், செத்தேன். கட்டுரை வெளிவந்தது. அதைப் படித்ததாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த மாதம் கட்டுரை எதுவும் இல்லாமலே போனேன்.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பழைய இரயில்வே குடியிருப்பு இருந்த இடத்துக்கு எதிரே ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம்; அப்பா இரயில்வேயில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். அக்கா கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டாள். அம்மாவோடு நான் இருந்தேன். அம்மா போன பிறகு, வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் நின்றுபோனது. வெளியில் எல்லோரையும் போலத்தான் பேசுவேன். "ஆமா", "வரேன்", "போறேன்". "ஓம்" என்பதும் "வாறன்" என்பதும் அம்மாவோடு மட்டும் பேசுகிற சொற்கள். அவற்றைச் சொல்ல இனி ஆளில்லை என்பது சில மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. கோயிலில் பார்க்கிறவர்கள் பெர்த்துக்குப் போய்விடலாமே என்பார்கள். நான் நகர்ந்ததும் "பாவம், தனியா இருக்காங்க" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அது கேட்கும் தூரத்தில்தான் நான் எப்போதும் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் உண்டு. என்னைத் தொடுகிறவர்கள் யார் யார் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். முடி வெட்டுகிற பெண், கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கிற தாதி. மூன்றாவதாக நுரைப்பஞ்சு வாள்கள். வாளில் அடிபட்டால் வலிக்காது, தோளில் தலையணை விழுந்த மாதிரி இருக்கும். மூன்று அடி வாங்கினால் சாக வேண்டும். மூன்றாவது அடி விழுந்த பிறகு கொஞ்ச நேரம் காய்ந்த மட்டைகளின்மேல் படுத்திருப்பேன். பூதங்களின் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

போன ஆண்டின் பாதியில் நடுவர் என்னிடம் வேறு மாதிரியான ஒரு பூதத்தைக் கொடுத்தார். கிணற்றுப் பூதம். தோட்டத்தில் சாக்கடை போட வைத்திருந்த ஒரு சிமெண்டு வளையம் அனாதையாகக் கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்தால் இடுப்பளவு வந்தது. அதுதான் கிணறு. தண்ணீர் இல்லை, காய்ந்த இலைகளும் ஒரு நெகிழிப் போத்தலும் இருந்தன. கதைப்படி அந்த நாட்டில் ஒரு வெண்கல மணி தொலைந்துபோயிருந்தது. அது எங்கே என்று கிணற்றுப் பூதத்துக்கு மட்டும் தெரியும். ஆனால் பூதம் முதலில் பேசாது. யாராவது ஒரு கேள்வி கேட்டால் உண்மையாகப் பதில் சொல்லும். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி. அதன் பிறகு எதைக் கேட்டாலும் வாய் திறக்காது. அடித்தால் திருப்பி அடிக்கும், செத்துப்போகும்.

பதிலை நானே எழுதிக்கொள்ளலாம் என்று நடுவர் சொன்னார். யோசித்துப் பார்த்தால், அதுவரை மற்றவர்கள் எழுதியதைத்தான் நான் வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாள் போலப் பாடுபட்டேன். முதலில் தமிழில் எழுதினேன். அடித்துத் திருத்தி, பிறகு ஆங்கிலத்தில் மாற்றினேன். தலைகீழாக அந்த வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவை. குளிக்கும்போதும் சமைக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்கு என் குரல் கேட்டிருக்கும். அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் சிக்கலாக ஆனது. முதல் மாதம் வந்த குழுக்கள் எல்லாம் என்னைப் பார்த்ததும் வாளை உருவின. இரண்டாவது மாதமும் அப்படியே. காலையில் நடுவர் கொடுக்கிற ஓலையில் "கிணற்றைக் கேள், ஒரே ஒரு கேள்வி" என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள். ஆனால் சாக்குத் துணியும் தேங்காய் நார்த் தலையுமாக ஓர் உருவம் நிற்பதைக் கண்டதும், இத்தனை வருடம் பழகிய கை முந்திக்கொள்ளும். முகமூடி போட்டது எதுவும் பேசாது என்று அவர்கள் தீர்மானமாக இருந்தார்கள். என்னைக் கொன்றுவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, போத்தலை எடுத்து ஆராய்வார்கள். பிறகு செம்பனை வரிசைகளுக்குள் போய் மாலைவரை மணியைத் தேடுவார்கள். மணி கிணற்றுக்கு நேர் மேலே, செம்பனை மட்டைகளுக்குள் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மாதம் நடுவர் சொல்லிவிட்டார். இந்த ஞாயிறும் யாரும் மணியைக் கண்டுபிடிக்காவிட்டால் கழற்றிவிடப் போகிறேன், வேறு கதை தொடங்க வேண்டும், ஆட்கள் சலித்துப்போனார்கள் என்றார். சரி என்றேன். அன்றைக்கு ஒருவராவது கேட்டால் தொடர்ந்து வருவது, இல்லாவிட்டால் முகமூடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நானும் முடிவு செய்துகொண்டேன். இதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.

அவர் பூதக் கூடாரத்தில் இருக்கிற இன்னொரு தமிழர். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், கிள்ளான்காரர், நல்ல உடம்பு. எப்போதும் அரக்கன் வேடம் அவருக்குத்தான். அரக்கனின் முகமூடி அவர் தலைக்குச் சிறிது என்பதால் நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டே பேசுவார்.

"என்னா அக்கா, பதிலை வச்சுக்கிட்டு மூணு மாசமா காத்திருக்கீங்க? எங்க வீட்டுல நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துரும். ஒரு நாளைக்கு என் பொண்டாட்டிய கூட்டிட்டு வரேன் லா, ஆசை தீர கேப்பா."

"கூட்டிட்டு வாங்க."

"வேணாம் அக்கா, அவ கேட்டா மணி என்னா, தோட்டத்தையே எழுதிக் குடுத்துருவீங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. 'பேசப்படும்'னு ஒரு போர்டு எழுதி கழுத்துல மாட்டிக்குங்க."

அந்த ஞாயிறு காலை நல்ல வெயில். முதலில் வந்த குழு பல்கலைக்கழக மாணவர்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து "வெயிட், வெயிட்" என்றாள். முதல் வரியை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தேன். அவள் செருப்பு வார் அறுந்திருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு வந்து அவளும் அடித்தாள். அடுத்து வந்தவர்கள் தூரத்திலிருந்தே பஞ்சு அம்பு விட்டார்கள். அம்பு பட்டுச் சாகும்போது எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்க முடிவதில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன்.

மதியத்துக்கு மேல் மேற்கே வானம் கறுத்தது. கடைசிக் குழு இன்னும் வரவில்லை. முழங்கால் வலித்தது. பூதம் நிற்கத்தான் வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சிமெண்டு வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். கால்களை நீட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். முகமூடியின் கண்துளைகள் வழியாகத் தெரிந்தது ஒரு வரிசை மரமும், உதிர்ந்த செம்பனைக் காய்களின் துணுக்குகளை இழுத்துப் போகிற எறும்புகளும்தான். வரிசையின் அந்தக் கோடியில் லோரிக்காரர் அரக்கனாகக் கத்துவதும், அவரோடு ஒரு குழு சண்டை போடுவதும் கேட்டது.

அந்தச் சண்டையிலிருந்து ஒருவன் மட்டும் தப்பித்து ஓடிவந்தான். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். இரவல் வாங்கிய தோல்சட்டை அவனுக்குப் பெரிது. புதியவன் என்று பார்த்ததும் தெரிந்தது. அலுவலக நண்பர்கள் வெளியே அழைத்துப் போகிறோம் என்று இங்கே கூட்டி வந்துவிட்டதாகப் பிறகு சொன்னான். மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "இதுக்கு ரூம்லயே தூங்கியிருக்கலாம்" என்று தமிழில், தமிழ்நாட்டுத் தமிழில், தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

வாள் கையில் இருந்தது. தூக்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. பேசவும் முடியாது. என்னை மரமாகவோ பொம்மையாகவோ நினைத்தானோ என்னவோ, பதிலை எதிர்பார்க்காத குரலில், பூனையிடமோ குழந்தையிடமோ பேசுவதுபோலக் கேட்டான்.

"என்ன, இங்க தனியாவா இருக்க?"

எனக்குள் ஆங்கில வரிகள் வரிசையாகத் தயாராக இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்கு உரியதில்லை. ஆனால் கேள்வி கேள்விதான். பூதம் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

"ஓம்," என்றேன். "தனியத்தான்."

அம்மாவோடு பேசுகிற தமிழில் வந்தது. முகமூடிக்குள் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவன் ஓரடி பின்னால் போனான். வாயைத் திறந்தான். இன்னொன்று கேட்டிருப்பான். அதற்குள் அவன் குழு வந்துவிட்டது. அரக்கனைக் கொன்ற உற்சாகத்தில் நான்கு பேர் கத்திக்கொண்டே வந்தார்கள். அவன் கையை விரித்து அவர்களைத் தடுத்தான்.

"வெயிட், வெயிட்! இட் டாக்ஸ்!"

அவர்கள் நின்றார்கள். மூன்று மாதத்தில் என்னைப் பார்த்து ஒரு குழு நின்றது அப்போதுதான். தலைவன் போல இருந்த ஒரு சீனப் பையன் ஓலையை எடுத்துப் பிரித்துப் படித்தான். பிறகு நேராக என் முன்னால் வந்து, மணி எங்கே என்று ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டான். சொல்லிக் கொடுத்ததுபோல அத்தனை சரியான கேள்வி.

ஒரு குழுவுக்கு ஒரு கேள்வி. அவர்களுடையது முடிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

"பேசிச்சுன்னு சொன்னே?" என்று அவர்களில் ஒரு தமிழ்ப் பையன் இவனைக் கேட்டான். உள்ளூர்க்காரன்.

"பேசுச்சுடா. நான் ஒண்ணு கேட்டேன், பதில் சொல்லுச்சு."

"நீ ஏற்கெனவே கேட்டுட்டியா? என்னா கேட்டே?"

இவன் என்னைப் பார்த்தான். காது சிவந்திருந்தது.

"சும்மா… தனியா இருக்கியான்னு."

"அலாமா! ஒரே ஒரு கேள்விடா! பேய்கிட்ட போயி சாப்டாச்சானு கேக்குற மாதிரி… மச்சான், நீ இதுக்கு சரிப்பட்டு வரமாட்டே லா."

அதை அவன் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். சீனப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள், கொஞ்சம் எரிச்சலோடு. சிரித்து முடித்ததும் வழக்கப்படி என்னை வெட்டினார்கள். எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். இரண்டு அடி பலமாக விழுந்தது. மூன்றாவதை இவன் போட வேண்டும் என்று முன்னால் தள்ளினார்கள். தையல்காரர் தோள் அளவு பார்க்கிற மாதிரி வாளை என் தோளில் மெதுவாக வைத்து எடுத்தான். நான் விழுந்தேன்.

அவர்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். போத்தலை எடுத்தார்கள். போனார்கள். மல்லாந்து கிடந்த எனக்கு மட்டைகளுக்கு நடுவே மணியின் அடிப்பாகம் தெரிந்தது. பிறகு மழை வந்தது.

கூடாரத்தில் லோரிக்காரர் துண்டைக் கொடுத்தார். விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, கேட்டுட்டானாமே!"

"கேட்டான். மணியைக் கேக்கல."

"அது எப்படி? யாராச்சும் கேட்டா வருவேன், கேக்காட்டி வரமாட்டேன்னு சொன்னீங்க. இதைத்தான் கேக்கணும்னு சொன்னீங்களா? இல்லைதானே. பேச்சு மாறக்கூடாது லா."

நடுவர் மழைக்கோட்டோடு வந்தார். அந்தக் குழுவிடம் பூதம் பேசியதாமே, ஏன் மணி கிடைக்கவில்லை என்று கேட்டார். வேறு கேள்வி கேட்டுவிட்டார்கள் என்றேன். என்ன கேள்வி என்றார். தமிழில் கேட்டான் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் காத்திருந்தார். மொழிபெயர்த்தே சாப்பிட்டவள் நான். இருந்தும் "இட்ஸ் எ லோக்கல் திங்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, ஏணியோடு ஓர் ஆளை அனுப்பி மணியை இறக்கச் சொன்னார். கயிற்றோடு கொண்டுவந்து என் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டார்கள். வெண்கலம் இல்லை. தங்க நிறம் அடித்த பிளாஸ்டிக்.

விளையாட்டு முடிந்ததும் வீரர்களில் பலர் கிள்ளானில் பக்குத்தே, அதாவது பன்றி எலும்புச் சூப், சாப்பிடப் போவது வழக்கம். பூதங்களுக்கும் அழைப்பு உண்டு. நான் ஒருமுறை போயிருக்கிறேன். மேசையில் எல்லோரும் அன்றைய சண்டைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். பாலத்தருகே ஒரு ஓநாய் எப்படிக் கத்தியது என்று ஒருவர் கத்திக் காட்டினார். அந்த ஓநாய் நான்தான். பூதங்கள் தங்கள் வேடத்தை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அதுவும் ஒரு வழக்கம். நானும் சிரித்தேன். அதன் பிறகு போகவில்லை. லோரிக்காரர் தன் காரில் என்னைக் கிள்ளான் இரயில் நிலையத்தில் இறக்கிவிடுவார். அன்றும் இறக்கிவிட்டார்.

"அடுத்த மாசம் வருவீங்கதானே?" என்றார், கண்ணாடியை இறக்கி. மழைச் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

என் பை பெரிது. சாக்கு உடை, நார்த் தலை, முகமூடி எல்லாம் அதற்குள் நனைந்து கனத்தன. பெண்களுக்கான பெட்டியில் அன்று நல்ல கூட்டம். கடைசிப் பெட்டியில் ஏறினேன். எதிர் இருக்கையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

தோல்சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் நனைந்துபோன திருநீறு. சைவமாக இருக்க வேண்டும். பக்குத்தே கடைக்குப் போகிற நண்பர்கள் இவனை நிலையத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். என்னை ஒருமுறை பார்த்தான், பையை ஒருமுறை பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்தான். முகமூடி இல்லாத என்னிடம் பார்க்க எதுவும் இல்லை. ஞாயிறு மாலை வண்டியில் பையோடு போகிற ஒரு தமிழ் ஆன்டி.

நான் பேசியிருக்கலாம். பேசுவது என் தொழிலில் பாதியாக இருந்தது. தெரியாதவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்டுப் பழகியவள். ஆனால் காலையிலிருந்து முதலில் பேசாமல் இருந்து பழகிவிட்ட வாய், வண்டியில் ஏறிய பிறகும் அப்படியே இருந்தது. புக்கிட் பாடாக் போனது. ஷா ஆலாம் போனது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. அவன் யாரையோ அழைத்தான், வீட்டுக்குத்தான்.

"ம்… சாப்பிட்டேம்மா… இல்லம்மா, காட்டுக்குள்ள விளையாட்டு. ஒரு பேய்கிட்ட பேசினேன்… நிஜப் பேய் இல்லம்மா, வேஷம்… தமிழ்ப் பேய்மா. ஆமா, நம்ம தமிழ் மாதிரி இல்ல, வேற தமிழ்… சரி, அப்புறம் பேசறேன்."

கைப்பேசியை வைத்துவிட்டு, கதவுக்கு மேலே இருந்த நிலையங்களின் படத்தைப் பார்த்தான். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தான். வருகையில் நண்பனின் காரில் வந்திருப்பான். தேடுகிற பெயர் அதில் இல்லை போல. சுற்றிலும் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கினார். என் பக்கம் குனிந்தான்.

"மேடம், தமிழா? இந்த ட்ரெயின் சுங்கை வே போகுமா?"

"ஓம்," என்றேன். "அந்தப் பேரில ஸ்டேஷன் இல்லை. ஸ்ரீ செத்தியாவில இறங்கோணும். இன்னும் கொஞ்ச நேரத்தில வரும்."

வெளியில் நான் அப்படிப் பேசுவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று பேசினேன். அவன் நன்றி சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். பையின் வாயில் பிதுங்கிக்கொண்டிருந்த தேங்காய் நாரைப் பார்த்தான்.

"மேடம்… நீங்க… அந்தக் கிணத்துகிட்ட?"

"ஓம்."

"ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டான். தூங்கியவர் ஒரு கண்ணைத் திறந்து மூடினார். "சாரி மேடம். வயசுல பெரியவங்கன்னு தெரியாம வா போன்னு பேசிட்டேன். அப்புறம் வெட்டிட்டோம் வேற."

"பரவாயில்லை. நீங்கள் மெதுவாத்தான் வெட்டினீங்கள்."

சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்கிறவளின் பழக்கம் எனக்குத் திரும்பி வந்தது.

"ஏன் அப்படிக் கேட்டீங்கள்?"

"தெரியல மேடம். நீங்க உட்கார்ந்திருந்த விதம். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல கடைசி பஸ் போனதுக்கப்புறமும் சில பேர் உட்கார்ந்திருப்பாங்க. எங்கயும் போக மாட்டாங்க. அந்த மாதிரி இருந்துச்சு. பதில் வரும்னு நான் நினைக்கவே இல்ல. எங்க ஆளுங்க ரொம்பத் திட்டிட்டாங்க மேடம். கார்ல வர்றப்பவும் அதேதான். அந்த மணி எங்க இருந்துச்சு?"

இதுதான் அந்தக் கேள்வி. மூன்று மாதம் காத்திருந்த கேள்வி. கேட்டவன் முன்னால் குனிந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டான். எழுதி வைத்ததில் முதலில் தமிழ்தான் இருந்தது. தாகத்தோடு வந்து கிணற்றுக்குள் பார்த்தவர்களைப் பற்றி ஒரு பத்தி. எறும்புகளைப் பற்றி இரண்டு வரி. அதன் பிறகு மணி தொலைந்த கதை. முழுவதும் சொல்ல வேண்டுமானால் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வண்டி வேகம் குறைந்தது. ஒலிபெருக்கி மலாயில் நிலையத்தின் பெயரைச் சொன்னது. ஸ்ரீ செத்தியா.

இருக்கிற இடத்துக்கு வெட்டுவது எனக்குப் புதிதில்லை.

"நிமிர்ந்து பார்த்திருக்கோணும்," என்றேன். "தலைக்கு நேர் மேலதான் தொங்கினது."

அவன் அனிச்சையாக வண்டியின் கூரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கைப்பிடி வளையங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இறங்குங்கோ, கதவு மூடப்போகுது."

இறங்கினான். நடைமேடையில் நின்று திரும்பினான். கையை ஆட்டப் போகிறான் என்று நினைத்தேன். கை பாதி உயர்ந்ததும் கதவு மூடிக்கொண்டது. பின்னால் வந்த கூட்டம் அவனைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனது.

கைப்பேசியை எடுத்து லோரிக்காரருக்கு "வாறன்" என்று ஒரு சொல் எழுதி அனுப்பினேன். அவர் கேட்டதற்குப் பதில் அது என்று அவருக்கு விளங்கியதோ என்னவோ. பதில் வரவில்லை, ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். எதிர் இருக்கையில் யாரும் வந்து உட்காரவில்லை. எழுதி வைத்திருந்த மீதி வரிகளை, உதடு அசையாமல், தமிழில், தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பந்தாய் டாலாம் நிலையம் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் நினைத்த அளவு நீளமில்லை.